அறுபத்தேழாவது பெயர்

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடி வைத்துவிடுங்கள். படித்தே ஆக வேண்டும் என்றால் படியுங்கள், ஆனால் யாரிடமும் காட்ட வேண்டாம். டீச்சரிடம் வேண்டாம். போலீஸிடம் வேண்டவே வேண்டாம், அவர்கள் எங்களை ஊருக்குத்தான் பஸ் ஏற்றிவிடுவார்கள். என் அம்மாவிடமும் காட்ட வேண்டாம். எதையும் எழுதி வைக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம்.

மொத்தம் மூன்று சட்டம். இரண்டாவது, வெளியே எங்கள் ஊர்ப் பேச்சு பேசக் கூடாது. மூன்றாவது, யாராவது கதவைத் தட்டினால் திறக்கக் கூடாது. அம்மாவிடம் சாவி இருக்கிறது, அவள் தட்ட மாட்டாள். கீழ்வீட்டு ஓனரம்மா முதல் படியிலேயே “கண்ணூ” என்று கூப்பிட்டுக்கொண்டுதான் ஏறி வருவார். ஆகையால் தட்டுகிறவர் வேறு யாரோ. அந்த வேறு யாரோ யாராக இருக்கும் என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லிக்கொள்வதில்லை.

என் பெயர் உலகம்மாள். பத்தாம் வகுப்பு. ஊர் பெயர் எழுத மாட்டேன், இப்போது இருக்கிற ஊரும் சரி, மே மாதம் விட்டு வந்த ஊரும் சரி. இங்கே எல்லாரும் ‘ங்க’ போட்டுப் பேசுவார்கள். தண்ணீர் இனிக்கும். அவ்வளவுதான் சொல்வேன்.

அம்மா சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறாள். மதியம் போனால், பத்து மணிக்குக் கடை அடைத்த பிறகுதான் வருவாள். நான் நாலரைக்குப் பள்ளி விட்டு வந்து தாழ்ப்பாள் போட்டால் பத்தரை வரை தனியாக இருக்க வேண்டும். முன் அறை விளக்கைப் போட்டால் வெளியே தெரியும். போடாவிட்டால் பயம். சமையலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு, கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பேன். இந்த நோட்டையும் அங்கேதான் ஒளித்து வைக்கிறேன். அம்மா வந்து தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

இன்று அம்மா பேப்பரில் வந்த ஒரு விளம்பரத்தைக் கிழித்து, ஜாக்கெட்டுக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்தாள்.

“பெரிய இன்சூரன்ஸ் கம்பெனிட்டி. ஆபீஸ் வேல. பொம்பளைங்களுக்கு முன்னுரிமைன்னு போட்டிருக்கான். ஒன்பதரைக்குப் போனா அஞ்சரைக்கு முடிஞ்சிரும்.”

“ஒனக்குக் குடுப்பாங்களாம்மா?”

“ஏன், நான் பி.காம்லா?”

பி.காம் தபாலில் படித்தது. பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, புத்தகத்தை எதிரே சொம்பில் சாய்த்து வைத்துப் படித்தாள். இலை ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம், பாலன்ஸ் ஷீட் ஒரு பக்கம். அந்தப் புத்தகத்தைத் திறந்தால் எனக்குத் தும்மல் வரும்.

அஞ்சரைக்கு முடிந்தால் ஆறரைக்குச் சாவிச் சத்தம் கேட்கும். இருட்டுகிற நேரத்தில் நான் தனியாக இருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

அம்மா கடைக்கு லீவு சொல்லிவிட்டு இன்டர்வியூ போனாள். ஓனரம்மா தன்னுடைய பச்சைச் சேலையைக் கொடுத்தார். “கசங்காத சீலைங்க இது. நாலு மணி நேரம் குக்கி உக்காந்து கெடந்தாலும் மடிப்புக் கலையாது,” என்றார். அவர் சொன்னது பலித்துவிட்டது. பத்து மணிக்கு வரச் சொன்னவர்கள் நாலு மணிக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள்.

உண்மையில் பதினொன்றரைக்கே பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். “ஆவுடைச்செல்வி” என்று இரண்டு தரம் கூப்பிட்டார்களாம். அம்மா கவனிக்கவில்லையாம். ரிசப்ஷனில் இருக்கும் ஜெனிஃபர் என்ற அக்கா, “எல்லாரும் போயிட்டாங்க, நீங்க யாருக்கா?” என்று கேட்ட பிறகுதான் தெரிந்ததாம். அந்த அக்கா மேனேஜரிடம் கெஞ்சி உள்ளே அனுப்பியிருக்கிறாள்.

அம்மாவுக்கு இடது காது கேட்காது. பிறந்தபோது இரண்டும் கேட்டது.

மேனேஜர் டை கட்டியிருந்தாராம். அம்மா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையை டை மாதிரித் தொங்கவிட்டு அவரைப் போலவே பேசிக் காட்டினாள்.

“‘மேடம், உங்க ஸ்ட்ரெங்த் என்ன?’ன்னான். நான் என்ன சொல்ல? ‘ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி சுத்துவேன் சார்’னேன்.”

“எம்மா!”

“‘அது ஸ்ட்ரெங்த் இல்ல மேடம், அது பீடி’ங்கான். பக்கத்துல ஒருத்தன் கம்ப்யூட்டர்ல முகத்த மறச்சுக்கிட்டுச் சிரிக்கான்.”

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. அம்மாவும் சிரித்தாள். பிறகு அவர் கேட்ட மற்ற கேள்விகளையும் சொன்னாள். உங்களுக்குச் சொந்தக்காரர்கள் அதிகமா? வருஷத்துக்கு எத்தனை கல்யாண வீட்டுக்குப் போவீர்கள்? ஊரில் யாராவது இறந்தால் உங்களுக்குத் தகவல் வருமா?

“ஆபீஸ் வேலைக்கு எதுக்கும்மா இதெல்லாம்?”

“அதான் எனக்கும் புரியல,” என்றாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அம்மாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். என் தலையைத் தடவிக்கொண்டே தூங்கிவிட்டாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இரண்டாவது தடவை கூப்பிட்டார்கள். முதல் நாள் கொடுத்த சான்றிதழ் நகல்களைத் தொலைத்துவிட்டார்களாம். வெயிலில் இறங்கிப் போய் மறுபடி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பிறகு முப்பது பேரை ஒரு ஏசி அறையில் உட்கார வைத்து, கை தட்டச் சொல்லி, “என்னால் முடியும்” என்று மூன்று தரம் கத்தச் சொன்னார்களாம். அம்மா கத்தினாளா என்று கேட்டேன். “வாய மட்டும் அசைச்சேன்,” என்றாள்.

அப்புறம் டை மேனேஜர் தனியாகக் கூப்பிட்டார்.

“ஹஸ்பண்ட் என்ன பண்றார் மேடம்?”

“வெளியூர்ல இருக்காங்க சார்.”

“எந்த ஊர்?”

அம்மா காது கேட்காதது மாதிரி இருந்துவிட்டாளாம். அந்தக் காது இதற்காவது உதவியது.

கடைசியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நூறு கட்டங்கள். வரிசை எண், பெயர், உறவு, தொழில், போன் நம்பர். தெரிந்தவர்கள் நூறு பேரை எழுதிப் புதன்கிழமை காலையில் கொடுத்தால்தான் அடுத்த ரவுண்டு. உங்களுக்கு நாலு பேரிடம் எவ்வளவு பழக்கம் என்று பார்க்கத்தான், வேறொன்றும் இல்லை என்றாராம்.

அம்மா படிவத்தைத் தரையில் விரித்து வைத்து அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் கட்டத்தில் ஓனரம்மாவை எழுதினாள். இரண்டாவது, சூப்பர் மார்க்கெட் முதலாளி. மூன்றாவது, பால் கொண்டுவருகிறவர். அதற்குப் பிறகு பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் அம்மாவுக்கு எத்தனை பேரைத் தெரியும்! பீடிக் கடைக்குப் போய் இலை வாங்கித் திரும்புவதற்குள் இருபது பேர் நிறுத்திப் பேசுவார்கள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பந்தியில் சாம்பார் வாளி தூக்குவது அவள்தான். மே மாதம் ஒரே நாளில் எல்லாரையும் தெரியாதவர்களாக ஆக்கிக்கொண்டோம். பழைய சிம்மை பஸ்ஸிலிருந்து வெளியே போட்டது நான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முப்பத்தெட்டு பேர் ஆகிவிட்டது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர், என் கணக்கு டீச்சர், கடையில் பில் போடுகிற மற்ற அக்காமார், அவர்களுடைய வீட்டுக்காரர்கள், பஸ் கண்டக்டர் ஒருவர். கண்டக்டரிடம் போன் நம்பர் கேட்டதற்கு அவர், “எதுக்குங்க?” என்று பயந்து போனாராம்.

“முப்பத்தெட்டு போதும்ட்டி. உள்ளதத்தான எழுத முடியும்? கிடைச்சா கிடைக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு, படிவத்தின் மேலேயே கையை வைத்துத் தூங்கிவிட்டாள்.

கையை மெதுவாக எடுத்துவிட்டு நான் படிவத்தை எடுத்துக்கொண்டேன். எனக்கு அம்மா கையெழுத்து நன்றாக வரும்.

வகுப்பு வருகைப் பதிவேட்டை நினைவில் வைத்து, பிள்ளைகளுடைய அப்பாக்களாக இருபது பேரை எழுதினேன். வரலாற்றுப் புத்தகத்திலிருந்து மூன்று ராஜாக்களை எடுத்தேன். குலோத்துங்கனுக்கு மளிகைக் கடை கொடுத்தேன். மகேந்திரவர்மனை டிரைவர் ஆக்கினேன். போன் நம்பர் எல்லாம் வாயில் வந்ததுதான். தொண்ணூறு வந்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. இத்தனை பேரைத் தெரிந்த ஒருத்தியின் மகள் மாதிரி இருந்தது.

நூறாவது எழுதி முடித்த பிறகுதான் கீழே சிறிய எழுத்தைப் பார்த்தேன். ‘இப்பட்டியலில் உள்ள சிலருடன் தொலைபேசியில் பேசிச் சரிபார்க்கப்படும்.’

அதனால் ஒரே ஒரு பெயரை அடித்துத் திருத்தினேன். அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் அம்மா படிவத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். “ஏட்டி! நூறா?”

“எங்க கிளாஸ் பிள்ளைங்க வீட்டு ஆளுங்கம்மா. அவங்களே நம்பர் தந்தாங்க.”

“எப்பம்?”

“நேத்து.”

முதல் பக்கத்தை மட்டும் பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்துவிட்டு ஓடினாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். அம்மாவுக்கு ஒன்று கொண்டுவந்தேன். அவள் பாதியைக் கடித்து எனக்குத் தந்தாள்.

எழுதிவிடுகிறேன். அறுபத்தேழாவது பெயர் பகவதி. உறவு என்ற இடத்தில் ‘தோழி’ என்று போட்டேன். தொழில் பீடி சுற்றுதல். நம்பர் உண்மையான நம்பர்.

பகவதி அத்தை அப்பாவின் அக்கா. எங்களுக்கு அடுத்த தெரு. அத்தைக்கு எழுத்துத் தெரியாது, நம்பர் பார்த்து அமுக்கத் தெரியாது. யாருக்குப் பேசுவதென்றாலும் நான்தான் போட்டுக் கொடுப்பேன். “நீ பள்ளிக்கூடம் போயிட்டா எனக்கு வாயே இல்ல,” என்பாள். வந்த போனுக்குத் திரும்பப் பேச வேண்டுமென்றால் பச்சை பட்டனை இரண்டு தரம் அமுக்கினால் போதும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அதைக் கற்றுக்கொண்ட அன்று முறுக்கு வாங்கித் தந்தாள்.

மே மாதம் அந்த நாள் அத்தைதான் எங்கள் வீட்டுப் பின்கதவைத் தட்டினாள். அவள் விரலால் தட்டவே மாட்டாள். விரல் எல்லாம் புகையிலைத் தூள் இருக்கும், கதவில் ஒட்டும் என்று மணிக்கட்டைத் திருப்பி வளையலால் தட்டுவாள். கை நிறையக் கண்ணாடி வளையல். அந்தச் சத்தத்தை வைத்தே அத்தை என்று தெரிந்துவிடும். அன்றைக்கு அப்பா அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா காதில் துணியை அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அத்தை என் பள்ளிச் சான்றிதழ் இருந்த பையை எடுத்து என் தோளில் மாட்டினாள். அம்மாவின் தலையை வாரிவிட்டாள். “மதினி, நாங்க…” என்று அம்மா ஆரம்பித்தபோது வாயைப் பொத்தினாள்.

“எங்க போறேன்னு எங்கிட்ட சொல்லாத ஆவுடை. தெரிஞ்சா, அவன் கேக்குற கேள்வில நான் சொல்லிப்புடுவேன். தெரியலன்னு வையி, தெரியாதுன்னு சொல்லுதது பொய்யில்லலா? போ.”

அத்தை தெரியாமல் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். நான் தெரிய வைத்துவிட்டேன்.

உண்மையான நம்பர் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. அதனால்தான் எழுதினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முந்தாநாள் எழுதியது முழுவதும் உண்மை இல்லை. உண்மையான நம்பர் இன்னும் நிறையத் தெரியும். அத்தைக்காகப் போட்டுப் போட்டு எனக்குப் பத்துப் பதினைந்து நம்பர் மனப்பாடம். பீடிக் கடைக்காரர் நம்பர் தெரியும். பழைய தமிழ் டீச்சர் நம்பர் தெரியும். அப்பா நம்பரும் தெரியும்.

எல்லாவற்றிலும் அத்தை நம்பரை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

அத்தை போனை டிவிக்கு மேலே வைத்திருப்பாள். அடித்தால் யார் அருகில் இருக்கிறார்களோ அவர்கள் எடுப்பார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கேதான் கறிச்சோறு சாப்பிடுவார். இன்று ஞாயிற்றுக்கிழமை.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஞாயிறு லீவாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தட்டுகிற சத்தம் கேட்டது. சிலிண்டருக்குப் பின்னால் போய்விட்டேன். பக்கத்து வீட்டில் தேங்காய் உடைத்தார்கள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

அம்மா மூன்றாவது தடவை போய்விட்டு வந்தாள். வந்ததும் பச்சைச் சேலையை மாற்றி, மடித்து, ஓனரம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். பிறகு அரிசி களைந்தாள். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

“கிடைக்கலட்டி,” என்றாள், உலைக்கு முன்னால் நின்றபடி.

பிறகு சொன்னாள். அது ஆபீஸ் வேலையே இல்லை. முதலில் அந்த நூறு பேரிடமும் போய்ப் பாலிசி எடுக்க வைக்க வேண்டும். அதைச் செய்து முடித்தவர்களுக்குத்தான் பிறகு ஆபீஸில் நாற்காலி. “சரி, அதையும் செய்யலாம்னுதான் இருந்தேன்,” என்றாள். ஆனால் மேனேஜர் பட்டியலை மேசையில் போட்டுத் தட்டினாராம். அம்மா இந்த முறை டை மாட்டி நடித்துக் காட்டவில்லை. சும்மா சொன்னாள்.

“‘மேடம், உங்க லிஸ்ட்ல இருக்கற மளிகைக் கடை குலோத்துங்கன் நம்பருக்குப் போட்டா அப்படி ஒரு நம்பரே இல்லன்னு வருது. முக்கால்வாசி அப்படித்தான். ஒண்ணே ஒண்ணு போச்சு. பகவதின்னு ஒருத்தங்க. நாங்க உங்க பேரச் சொன்னதும், எனக்கு அப்படி யாரையும் தெரியாதுன்னு சொல்லிட்டாங்க.’”

சோறு பொங்கி வழிந்தது. அம்மா அடுப்பைக் குறைக்கவில்லை. நான் எழுந்து போய்க் குறைத்தேன்.

“‘அதோட முடிஞ்சிருந்தாப் பரவால்ல மேடம். பத்து நிமிஷம் கழிச்சு அந்தம்மாவே திருப்பிப் போன் போடறாங்க. அந்தப் பிள்ளைக்கு வேல குடுப்பீயளா, மாட்டீயளான்னு அதட்டறாங்க. தெரியாதுன்னீங்களேன்னா, ஆமா தெரியாது, ஆனா அவ நல்ல வேலக்காரின்னு சொல்றாங்க. போன் எடுத்த எங்க பொண்ணு சிரிச்சுட்டா. இது எந்த ஊரு ஆபீஸுன்னு கேட்டாங்க, கோயம்புத்தூர் கிளைன்னதும் வெச்சுட்டாங்க. என்ன மேடம் நடக்குது இங்க?’”

ஊர் பெயரை எழுதிவிட்டேன். அடிக்க மனம் வரவில்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். திட்டப் போகிறாள் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவள் முகம் அழுகிறதா சிரிக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

“தெரியாதாம்,” என்றாள். “மதினிக்கு என்னத் தெரியாதாம். ஆனா நல்ல வேலக்காரியாம்.”

பட்டியலை யார் எழுதினார்கள் என்று கேட்கவே இல்லை. எனக்கு இரண்டு அப்பளம் பொரித்துப் போட்டாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

என் பேனா நேற்றே தீர்ந்துபோய், கடைசி வரியைப் பென்சிலால் எழுதினேன். இன்று நோட்டை எடுத்தபோது அதன் மேல் ஒரு புது ரீஃபில் இருந்தது. நீல நிறம். என் பையிலிருந்து விழுந்திருக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மாவுக்கு இன்று வார விடுமுறை. மொட்டை மாடியில் உட்கார்ந்து எனக்குப் பேன் பார்த்தாள். நான் அவளுக்கு வலது பக்கமாகத்தான் உட்காருவேன், மெதுவாகப் பேசினாலும் கேட்கும். அந்தப் பக்கம் மலை நீலமாகத் தெரிந்தது.

திடீரென்று, “ஒனக்கு அத்தையத் தேடுதா?” என்று கேட்டாள்.

“இல்ல.”

“எனக்குத் தேடுது,” என்றாள். சீப்பை என் தலையிலேயே விட்டுவிட்டாள். “நாம உசுரோட இருக்கோம்னு அவளுக்குத் தெரியணும்னு எனக்கும் தோணும்ட்டி. மூணு மாசமா தெனமும் தோணுச்சு. எனக்குத் தைரியம் இல்ல.”

நான் குனிந்துகொண்டேன். கண்ணீர் தரையில் விழுந்ததை அவள் பார்த்திருக்க மாட்டாள்.

பிறகு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கீழே போனாள். ஓனரம்மாவிடம், “ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்க்கா,” என்று ஆரம்பித்து, எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். காதைப் பற்றியும் சொன்னாள். ஓனரம்மா வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

“எனக்கு மொதல் நாளே தெரியுமுங்க,” என்றார். “ஒரு பொம்பளயும் ஒரு பிள்ளையும் ரெண்டே பையோட வந்து, ஜன்னல் எத்தனன்னு கேக்காம தாழ்ப்பா எத்தனன்னு கேட்டீங்களே. நானா வாயத் தொறந்து கேட்டா சங்கடப்படுவீங்கன்னுதானுங்க இருந்தேன்.” என்னைப் பார்த்து, “இனி பள்ளிக்கூடம் விட்டா நேரா இங்க வந்துரு கண்ணு. அம்மா வர்ற வரைக்கும் இங்கயே படி. டிவி மட்டும் நாஞ் சொல்றதுதான்,” என்றார்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஓனரம்மா வீட்டில் இருந்தேன். அவர் சீரியல் பார்த்து அழுதார். நான் இரண்டு பாடம் முடித்தேன். இருட்டியது எனக்குத் தெரியவே இல்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்றைக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எழுதுகிறேன்.

நாளை பிள்ளையார் சதுர்த்தி. ஓனரம்மா பொள்ளாச்சியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், கீழே பூட்டியிருக்கிறது. நான் பழையபடி மேலே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருந்தேன். ஏழரைக்கே சாவிச் சத்தம் கேட்டது. அம்மா மூச்சு வாங்க வந்தாள். ஆட்டோவில் வந்திருக்கிறாள். அவள் ஆட்டோவில் ஏறி நான் பார்த்ததில்லை.

போனை என்னிடம் நீட்டினாள். ஜெனிஃபர் அக்காவிடமிருந்து மெசேஜ். ‘அக்கா, உங்க ஊர்க்காரங்க ஒருத்தங்க ஆபீஸ் வந்து உங்களக் கேட்டாங்க. பார்க்க பாவமா இருந்துச்சு. சாருக்குத் தெரியாம அட்ரஸ் எழுதிக் குடுத்துட்டேன். தப்பா நினைக்காதீங்க.’

மதியம் அனுப்பியது. கடையில் போனை லாக்கரில் வைத்துவிடுவார்கள், அம்மா சாயந்தர டீ நேரத்தில்தான் பார்த்திருக்கிறாள். பதினாறு தடவை திருப்பிக் கூப்பிட்டாளாம், அந்த அக்கா எடுக்கவில்லை. ஒருத்தங்க என்றால் ஆணா, பெண்ணா? மெசேஜை நூறு தரம் படித்துவிட்டோம். அதில் வேறு எதுவும் இல்லை.

அப்பா கூடப் பார்க்கப் பாவமாகத்தான் இருப்பார், காலை நேரத்தில்.

அம்மா இரண்டு பைகளிலும் துணியை எடுத்து வைத்தாள். இப்போதே கிளம்பிவிடலாமா என்று கேட்டேன். “தெருவுல வச்சுப் பிடிச்சா என்ன செய்ய? உள்ள இருப்போம். பொறவு விடிஞ்சதும் போவோம்,” என்றாள். முன் அறை விளக்கை அணைத்துவிட்டு, சமையலறையில் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவில் என்னோடு வந்து உட்கார்ந்தாள். அந்த இடம் ஒருவருக்குத்தான் போதும். மடியில் பாதி, தரையில் பாதியாக உட்கார்ந்தோம்.

“எம்மா, அந்த லிஸ்ட்ல அத்தை பேர நான்தான்…”

“தெரியும்ட்டி.”

“எப்பத் தெரியும்?”

அவள் கையை நீட்டி, சிலிண்டருக்குப் பின்னாலிருந்து இந்த நோட்டை எடுத்து என் மடியில் வைத்தாள்.

“எழுது,” என்றாள். “நீ எழுதும்போதுதான் ஒனக்கு நடுக்கம் நிக்குது. நான் பாத்திருக்கேன்.”

“எழுதக் கூடாதுன்னு சட்டம் போட்டியே?”

“அது அப்பம்.”

அதனால் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு வலது பக்கம் இருக்கிறேன். அவள் கை என் முதுகில் இருக்கிறது. இந்தக் கையைப் பற்றி அந்த டை மேனேஜருக்கு ஒன்றும் தெரியாது. நாளைக்கு நாங்கள் வேறு ஊருக்குப் போனாலும், அங்கேயும் பில் போடுவாள், கால் வீங்கும், நான் வெந்நீர் வைப்பேன். எனக்கு இப்போது அவ்வளவு பயமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

வாசலில் ஆட்டோ நின்றது. அம்மாவுக்குக் கேட்கவில்லை போல. என் தலையில்தான் சாய்ந்திருக்கிறாள்.

படியில் யாரோ ஏறுகிறார்கள். மெதுவாக. நடுவில் நின்று மூச்சு விடுகிறார்கள். கண்ணூ என்று யாரும் கூப்பிடவில்லை.

தட்டுகிறார்கள்.

அம்மாவின் கை என் வாயைப் பொத்துகிறது. என்னால் எழுத முடிகிறது. மறுபடியும் தட்டுகிறார்கள். இது விரல் இல்லை. எம்மா, கேளு, இந்தக் காதால் கேளு, இது கண்ணாடி வளை